அந்தக் காலத்து ஹொக்கி வீரர்கள் காசுக்கு ஆடவில்லையா? (சைக்கிளோன் ரெய்லர் கதை)

கேள்வி, ஜனவரி 10
இப்போது ஐஸ் ஹொக்கி ஆடுபவர்கள் மில்லியன் மில்லியனாகக் கேட்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தி ஆடியவர்கள் ஆசைக்காக மட்டுமே ஆடினார்கள், காசைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று என் மகனின் பயிற்சியாளர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். உண்மையா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜனவரி 11, காலை 6.20
இல்லை. பிள்ளை உள்ளே ஐஸில் நிற்கிறான், நான் வாங்கில் குளிரில் விறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுதுகிறேன், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். ஒரே ஒரு பெயர் சொல்கிறேன்: சைக்கிளோன் ரெய்லர். தையற்காரர் இல்லை, பிரெட் ரெய்லர், 1884இல் பிறந்த ஒன்ராறியோக்காரர். 1909-10 பருவத்தில் 12 ஆட்டத்துக்கு 5,250 டொலர் வாங்கினார். மிச்சம் இரவு.

ஜனவரி 11, இரவு
அந்தக் காலத்து முறை விளங்கினால்தான் இவர் செய்தது விளங்கும். 1900களின் தொடக்கத்தில் ஒன்ராறியோவில் ஹொக்கி என்றால் அமெச்சூர், காசு வாங்கக் கூடாது. வாங்கினதாகத் தெரிந்தால் சங்கம் தள்ளி வைத்துவிடும், பிறகு ஊர் அணியில்கூட நிற்க முடியாது. கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் வேறு வருமானம் இருப்பவனுக்குத்தான் அந்தத் தூய்மை கட்டுப்படியாகும். ரெய்லர் வளர்ந்தது லிஸ்ரோவல் என்ற சிற்றூரில், 17 வயதில் படிப்பை விட்டுப் பியானோ செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனவர். இப்படிப்பட்ட பெடியனுக்கு 'ஆசைக்காக ஆடு' என்று சொல்வது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

கூத்து என்னவென்றால், அவருக்கு முதல் அடி விழுந்தது காசு வாங்கியதற்காக இல்லை. ரொறன்ரோ மார்ல்பரோஸ் அணிக்கு ஆட வா என்று ஒன்ராறியோ ஹொக்கி சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார், இவர் மாட்டேன் என்றார். அவ்வளவுதான் குற்றம். 1904-05 பருவம் முழுக்க மாகாணத்தில் எங்கும் ஆட முடியாமல் இருபது வயதில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காசே புழங்காத சங்கம், ஆனால் ஆள் மேல் உரிமை மட்டும் முழுசாக இருந்தது.

பிறகு மனிற்றோபாவில் போர்ட்டேஜ் லா பிரெய்ரி. அங்கே தங்க இடம், சாப்பாடு, மாதம் 25 டொலர் கைச்செலவுக்கு. அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே மிச்சிக்கனில் உள்ள ஹௌற்றனில் இருந்து 400 டொலரும் செலவும் தருகிறோம் என்று செய்தி வந்தது. போய்விட்டார். நானும் போயிருப்பேன்.

ஜனவரி 12
மிச்சிக்கனில் எதற்கு ஹொக்கி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செம்பு. சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மாதிரியான நிலத்தில் செம்புச் சுரங்கங்கள், கையில் கூலி, நீண்ட பனிக்காலம், பொழுதுபோக்கு வேறு எதுவும் இல்லை. ஒன்ராறியோவில் இருந்து வந்து குடியேறிய கிப்சன் என்ற பல் வைத்தியர் அங்கே ஹொக்கியைக் கிளப்பிவிட்டார். 1904இல் ஐந்து ஊர்கள் சேர்ந்து ஒரு லீக் தொடங்கின: ஹௌற்றன், கலுமெற், பிட்ஸ்பர்க், ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற இரண்டு சூ செயின்ற் மரி. வீரர்களுக்குச் சம்பளம் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய முதல் ஹொக்கி லீக் அதுதான். 1907இல் மூடிவிட்டார்கள். ரெய்லர் இருந்த ஹௌற்றன் அணி 1906, 1907 இரண்டு வருடமும் முதலிடம்.

பல்லை உடைக்கிற விளையாட்டை ஒரு பல் வைத்தியர் வளர்த்துவிட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

ஜனவரி 12, பிறகு
'என்எச்எல்லில் ரெய்லர் எத்தனை கோல்?' ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. என்எச்எல், அதாவது இன்றைய பெரிய ஹொக்கி லீக், தொடங்கியது 1917 கடைசியில், அப்போது அவர் மேற்குக் கரையில் இருந்தார். அதனால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை. என் மகனிடம் கேட்டேன், 'ரெய்லர் ஸ்விப்டா?' என்றான்.

ஜனவரி 13
இனி எங்கள் ஆட்களுக்குப் பிடித்த பகுதி. 1907இல் ஒட்டாவா அணி அவரைக் கூப்பிட்டது. பத்து ஆட்டப் பருவத்துக்கு 500 டொலர். ஹௌற்றனில் கிடைத்ததோடு பார்த்தால் துள்ளிக் குதிக்கிற தொகை இல்லை. ஆனால் கூடவே ஒன்று கொடுத்தார்கள்: மத்திய அரசாங்கத்தில் உத்தியோகம். குடிவரவுப் பகுதியில் குமாஸ்தா, மாதம் 35 டொலர்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் சும்மாவா சொன்னார்கள். என் அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். இந்த மனிதர் லிஸ்ரோவலில் வளர்ந்த யாழ்ப்பாணத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முழங்கால் ஒருநாள் போகும், பென்சன் போகாது என்பது 23 வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. குடிப்பதும் இல்லை, புகைப்பதும் இல்லை. எங்கள் சித்தி பார்த்திருந்தால் சாதகத்தைக் கேட்டிருப்பார்.

'சைக்கிளோன்' என்ற பெயரும் ஒட்டாவாவில்தான் வந்தது. 1908இல் ஆட்டம் பார்த்த கவர்னர் ஜெனரல் கிரே பிரபு, அந்த நாலாம் நம்பர்காரன் சூறாவளி மாதிரி என்று சொன்னதாகவும், பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டதாகவும் கதை. இந்தக் கிரே யார் என்றால், ஏர்ல் கிரே தேத்தண்ணிக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்கிற கிரேயின் பேரன். கனடிய புட்போலின் கிரே கப் இவர் கொடுத்தது.

1909இல் ஒட்டாவா ஸ்ரான்லி கிண்ணம் எடுத்தது, ஹொக்கியில் அதுதான் பெரிய கிண்ணம். அந்த வருடம் முடிவதற்குள் ரெய்லர் ஊர் மாறிவிட்டார்.

ஜனவரி 14
ரென்ஃப்ரூ. ஒட்டாவாவில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம், நான் ஒருமுறை போயிருக்கிறேன், பெற்றோல் அடிக்கவும் கழிவறைக்கும். அப்போது சுமார் நாலாயிரம் பேர் இருந்த ஊர். வெண்ணெய்க்குப் பெயர்போனதால் அணிக்குக் 'கிரீமரி கிங்ஸ்' என்று பெயர். அங்கே ஓ'பிரையன் என்று ஒரு பணக்காரர், ரயில் பாதை ஒப்பந்தம், கோபால்ற் வெள்ளிச் சுரங்கம் என்று சம்பாதித்தவர். அவருடைய மகன் அம்ப்ரோஸ், எங்கள் ஊர் அணியையும் பெரிய லீக்கில் சேருங்கள் என்று மொன்றியலுக்குப் போய்க் கேட்டார். சேர்க்கவில்லை. அதே நேரம் கழற்றிவிடப்பட்டிருந்த மொன்றியல் வான்டரர்ஸ்காரரும் இவரும் சேர்ந்து தாங்களே ஒரு லீக்கைத் தொடங்கிவிட்டார்கள். 1909 டிசம்பர் 2, நாஷனல் ஹொக்கி அசோசியேஷன். அதற்குப் பிரெஞ்சுக்காரர் அணி ஒன்றும் வேண்டும் என்று இரண்டு நாள் கழித்து உருவாக்கியதுதான் மொன்றியல் கனடியன்ஸ். நம்பமுடிகிறதா? இன்றைக்குக் கோயில் மாதிரிக் கும்பிடுகிற அணி, ஒரு வெண்ணெய் ஊர்க்காரரின் ரோசத்தில் பிறந்தது.

பிறகு ஓ'பிரையன் பணப்பையை அவிழ்த்தார். லெஸ்ரர் பற்றிக்குக்கு 3,000, அவருடைய தம்பி பிராங்குக்கு 2,000, ரெய்லருக்கு 5,250. ஊரார் அணியை 'மில்லியனேர்ஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள், நானே கல்குலேற்றரில் இரண்டு தரம் அடித்துப் பார்த்தேன். 5,250ஐப் பன்னிரண்டால் பிரித்தால் ஒரு ஆட்டத்துக்கு 437 டொலர் 50 சதம். ஒட்டாவாவில் கொடுத்த உத்தியோகம் மாதம் 35, வருடத்துக்கு 420. ஒரு இரவு, அறுபது நிமிடம், ஒரு வருடச் சம்பளத்தை விடக் கூட.

கிண்ணம் மட்டும் ரென்ஃப்ரூவுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் வான்டரர்ஸ் எடுத்தது. அடுத்த பருவத்தில் முதலாளிகளுக்குப் புத்தி வந்து, ஒரு அணி முழுவதுக்கும் சேர்த்து 5,000 டொலருக்கு மேல் சம்பளம் இல்லை என்று உச்சவரம்பு போட்டார்கள். முழு அணிக்கும்! முதல் வருடம் ரெய்லர் ஒருவருக்கே அதைவிடக் கூட. வீரர்கள் கொதித்துப்போய், நாங்களே தனி லீக் தொடங்குவோம் என்று மிரட்டினார்கள். 1911இல் ரென்ஃப்ரூ அணி கலைந்தது.

பயிற்சியாளரிடம் இதைச் சொல்லுங்கள். சம்பள உச்சவரம்புச் சண்டை அவர் தாத்தா காலத்திலேயே இருக்கிறது.

ஜனவரி 14, இரவு 11
பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கோல் அடித்தவர் இவர்தானே என்று மூன்று பேர். ஆம், ரென்ஃப்ரூ போன பிறகு ஒட்டாவா அணி முழுவதையும் பின்பக்கமாகவே கடந்து போய்க் கோல் அடிப்பேன் என்று சவால் விட்டார், சொன்னபடியே செய்தார்.

ஜனவரி 15
மேலே எழுதியதைத் திருத்துகிறேன், நித்திரைக் கண்ணோடு எழுதியது. சவால் உண்டு, ஆனால் நடந்தது அப்படி இல்லை. 1910 பெப்ரவரியில் ஒட்டாவாவில் ஆடியபோது சனம் கையில் கிடைத்ததை எல்லாம் அவர் மேல் எறிந்தது, பழம், குதிரைச் சாணம் உட்பட. அன்றைக்குக் கோலும் இல்லை ஒன்றும் இல்லை, ஒட்டாவா 8-5 என்று வென்றது. மார்ச்சில் ரென்ஃப்ரூவில் நடந்த ஆட்டத்தில்தான் அந்தக் கோல். அதுவும் அணி முழுவதையும் பின்பக்கமாகக் கடக்கவில்லை, கோலுக்குக் கிட்டப் போய்த் திரும்பிக் கொஞ்சத் தூரம் பின்னால் சறுக்கி அடித்தார் என்பதுதான் அன்றைய செய்தியின் சாரம். அந்த ஆட்டம் 17-2. பதினேழு கோலில் ஒன்றை எந்தப் பக்கம் பார்த்து அடித்தால் என்ன?

ஆனால் வருடம் போகப் போக அந்தக் கொஞ்சத் தூரம் நீண்டு நீண்டு ஐஸின் முழு நீளமும் ஆகிவிட்டது. எங்கள் மாமா ஒருவர் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிய கதை இப்படித்தான், இப்போது அது மாடு.

ஜனவரி 17
முதுகு கொஞ்சம் சுகம், அதனால் ஆட்டம் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். (முதுகுக்கு என்ன என்றால், போன சனிக்கிழமை பெற்றோர் சறுக்கும் நேரத்தில் ஆசைப்பட்டு ஏறினேன். பத்து நிமிடம். நாரி இன்னும் பேசுகிறது.)

அப்போது ஒரு அணியில் ஏழு பேர். கோலி, அவருக்கு முன் 'பொயின்ற்', அவருக்கு முன் 'கவர் பொயின்ற்', மூன்று முன்வரிசைக்காரர், நடுவில் 'ரோவர்' என்று ஒருவர். ரோவருக்கு இடம் என்று ஒன்று இல்லை, தாக்கவும் ஓட வேண்டும், தடுக்கவும் ஓட வேண்டும். பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு) முன்னால் நிற்பவனுக்குத் தள்ளக் கூடாது, பக்கவாட்டில் அல்லது பின்னால் மட்டும். ஆகவே முன்னேற வேண்டும் என்றால் ஒருவன் ஸ்ரிக்கில் பக்கை வைத்துக்கொண்டு தானே ஆட்களை வெட்டி வெட்டிப் போக வேண்டும். வேகமாகச் சறுக்குகிறவனுக்கு ஏன் அந்த விலை என்பது இங்கேதான் இருக்கிறது. ரெய்லர் ஒட்டாவாவில் கவர் பொயின்ற், அதாவது தடுப்பாட்டக்காரர், ஆனால் பக்கைப் பறித்ததும் எதிர்க் கோல்வரை தானே கொண்டுபோவார்.

ஆட்களை மாற்றுவதும் வழக்கம் இல்லை. தொடங்கிய ஏழு பேர்தான் கடைசிவரை, காயம் பட்டால் தவிர. என் மகனின் அணியில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆளை மாற்றுகிறார்கள், அதற்கே அவன் நாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து தண்ணீர்ப் போத்தலைத் தலையில் ஊற்றுகிறான். தலைக்கவசம் கிடையாது, கோலிக்கு முகமூடி கிடையாது. ஐஸும் இயற்கை ஐஸ், வெளியே வெயில் எறித்தால் உள்ளே குழம்பு. வன்கூவரில் செயற்கை ஐஸ் கண்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஜனவரி 19
காதல் கதை கேட்டவர்களுக்கு. ஒட்டாவாவில் தேர்ஸா குக் என்ற பெண். அவரும் குடிவரவுப் பகுதியில்தான் வேலை. பெண்ணின் தாயாருக்கு ஹொக்கிக்காரனைப் பிடிக்கவில்லை, வங்கியில் பத்தாயிரம் டொலர் சேர்த்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்றாராம். மாப்பிள்ளைதான் சீதனம் காட்ட வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலியாணம் 1914 மார்ச்சில் நடந்தது.

ஆக ரென்ஃப்ரூ காசு எங்கே போயிற்று என்று கேட்டவருக்கு இதுதான் பதில். பேராசைக்காரன் என்று ஒட்டாவா பத்திரிகைகள் திட்டியது ஒரு பக்கம், அந்த மனிதன் மாமியாருக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தது மறு பக்கம். இது முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆசைக்காக ஆடினார்கள்' என்கிற பயிற்சியாளர் எந்த ஆசை என்று சொல்லவில்லையே.

ஜனவரி 24
ஒரு கிழமை வேலை அதிகம். வன்கூவர் பாகம்.

ரென்ஃப்ரூவில் கூட ஆடிய பற்றிக் சகோதரர்கள், தகப்பனார் மர வியாபாரத்தை விற்ற காசோடு மேற்குக் கரையில் சொந்த லீக் தொடங்கினார்கள். அங்கே மழைதான் பெய்யும், குளம் உறையாது. ஆகவே செயற்கை ஐஸ் போட்டு வன்கூவரில் டென்மன் அரீனாவைக் கட்டினார்கள், சுமார் பத்தாயிரம் பேர் இருக்கலாம். 1912 கடைசியில் ரெய்லர் அங்கே போனார். போகும்போது உத்தியோகத்தையும் வன்கூவர் குடிவரவு அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். கோழியை விடவே இல்லை பாருங்கள்.

பற்றிக் சகோதரர்கள் விதிகளையும் மாற்றினார்கள். நீலக் கோடு அவர்கள் போட்டது. நடுப்பகுதியில் முன்னால் நிற்பவனுக்குப் பக்கைக் கொடுக்கலாம் என்றதும் அவர்கள்தான். ரெய்லர் ரோவர் ஆனார், அந்த லீக்கில் தொடர்ந்து ஐந்து வருடம் புள்ளியில் முதலிடம். 1915 மார்ச்சில் ஒட்டாவா வன்கூவருக்கு வந்து ஸ்ரான்லி கிண்ணத்துக்கு ஆடியது. 6-2, 8-3, 12-3. மூன்று ஆட்டத்தில் முடிந்தது. எறிந்த சாணத்துக்கு வட்டியும் முதலும்.

ஜனவரி 24, பிறகு
'தொடர்ந்து' என்று எழுதியது பிழை, ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. 1914, 15, 16, பிறகு 18, 19. நடுவில் 1917 இல்லை, அந்தப் பருவத்தில் குடல்வால் சத்திர சிகிச்சை. ஐந்து சரி, தொடர்ச்சி பிழை. 1918இல் 18 ஆட்டத்தில் 32 கோல், அது சரி, திரும்பப் பார்த்தேன்.

அந்த 1918 இறுதிப் போட்டி ஒரு நல்ல பகிடி. கிழக்கே ஆறு பேர் ஆட்டம், மேற்கே ஏழு பேர் ஆட்டம். ஆகவே ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் ஒருநாள் கிழக்கு விதி, ஒருநாள் மேற்கு விதி என்று மாறி மாறி. ரோவர் இருந்த இரண்டு ஆட்டத்தையும் வன்கூவர் வென்றது, ரோவர் இல்லாத மூன்றையும் ரொறன்ரோ வென்றது. 3-2. யாருடைய விதி என்பதில்தான் கிண்ணம் இருந்தது.

ஜனவரி 26
அடுத்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதாவிட்டால் யாராவது எழுதுவீர்கள்.

1914 மார்ச்சில் கலியாணம். 1915 மார்ச்சில் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில், 1914 மே 23ஆம் திகதி, வன்கூவர் துறைமுகத்துக்கு கோமகாட்டா மாரு வந்தது. ஜப்பானியக் கப்பல், குர்தித் சிங் அமர்த்தியது, 376 பேர், அதிகம்பேர் பஞ்சாபிச் சீக்கியர், முஸ்லிம்கள், இந்துக்களும் உண்டு. எல்லாரும் பிரிட்டிஷ் அரசரின் குடிகள், கனடாவும் அதே அரசருடையது. ஆனால் பிறந்த நாட்டில் இருந்து எங்கும் நிற்காமல் நேரே வந்தால்தான் இறங்கலாம் என்று 1908இல் ஒரு விதி போட்டிருந்தார்கள், இந்தியாவில் இருந்து அப்படி ஒரு கப்பலே கிடையாது என்று தெரிந்துகொண்டு போட்ட விதி. ஆசியரென்றால் கையில் 200 டொலரும் காட்ட வேண்டும்.

அந்தக் கப்பலில் முதலில் ஏறிய குடிவரவு அதிகாரி பிரெட் ரெய்லர்.

இரண்டு மாதம் கப்பலைத் துறைமுகத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்தார்கள், சாப்பாடும் தண்ணீரும் தட்டுப்பாடு. ஏற்கெனவே கனடாவில் இருந்து திரும்பி வந்த இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர ஒருவரையும் இறக்கவில்லை. ஜூலை 23இல் 'ரெயின்போ' என்ற போர்க்கப்பலைக் காவலுக்கு விட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டெம்பரில் கல்கத்தாவுக்குக் கிட்ட பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூடு, இருபது பேரளவில் செத்தார்கள்.

நான் மேலே கோழி, கோறணமேந்து என்று பகிடி விட்டேன். அந்தக் கோழி எது என்று அப்போது நினைக்கவில்லை. 437 டொலர் 50 சதம் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன் அல்லவா? அவருடைய ஒரு ஆட்டக் காசுக்கு அந்தக் கப்பலில் இரண்டு பேர் காட்ட வேண்டிய தொகையும் வந்து மிச்சமும் வந்திருக்கும். கணக்கு நானாகத் தேடவில்லை, நேற்று வண்டி ஓட்டும்போது தானாக வந்து விழுந்தது.

ஜனவரி 27
இரண்டு பக்கமும் சூடாகிவிட்டீர்கள். 'அவர் சாதாரண ஊழியர், மேலே சொன்னதைச் செய்தார்' என்று பாதிப் பேர். 'இனவாதி, அவர் பெயரில் கிண்ணம் எதற்கு' என்று மீதிப் பேர்.

தெரிந்ததைச் சொல்கிறேன். விதியை அவர் போடவில்லை. அந்த விவகாரத்தை நடத்தியவர்கள் வன்கூவர் குடிவரவு முகவர் மல்கம் ரீட், நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்ரீவன்ஸ் போன்றவர்கள். ரெய்லர் அப்போது கீழ்நிலை அதிகாரி. வயதான பிறகு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்ற தொனியில் பேசியிருக்கிறார். அதே சமயம், அந்த இலாகாவில் தொடர்ந்து இருந்து படிப்படியாக ஏறி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூகொனுக்கும் குடிவரவு ஆணையாளராகி 1950இல்தான் ஓய்வு பெற்றார். 1946இல் அரசு விருது, 1947இல் ஹொக்கி புகழ் மண்டபம், இரண்டும் அடுத்தடுத்த வருடம்.

இனி என் சொந்தக் கதை. தொண்ணூறுகளில் நான் இங்கே வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் என்னை விசாரித்தவர் பெரிய உடம்புக்காரர், மூக்கு ஒருபக்கம் சரிந்திருந்தது. நான் பயத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் முட்டிகள் எல்லாம் தடித்து, ஒரு விரல் நேராக மடங்கவில்லை. கொடுமை ஒன்றும் செய்யவில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணித்தியாலம் வைத்துக்கொண்டு இடையில் ஒரு பால் பக்கெற் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்து அரீனாவில் பழைய ஆட்டக்காரர்களின் கைகளைப் பார்க்கும்போதுதான் அது என்ன கை என்று எனக்கு விளங்கியது. சனிக்கிழமைகளில் அவரும் எங்கேயோ சறுக்கியிருப்பார், யாரோ கை தட்டியிருப்பார்கள்.

இன்னொன்று. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழரோடு வன்கூவர் தீவுக்கு வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிழமை என் மூத்த மகனின் கோடைகாலப் பயிற்சி. பக்கத்து வாங்கில் இருந்த ஒரு தகப்பன், நல்ல மனிதர், எத்தனையோ தரம் என் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர், பேப்பரை மடித்துவிட்டு 'திருப்பி அனுப்ப வேண்டும்' என்றார். என்னிடம்தான் சொன்னார். நான் யார் என்று ஒரு கணம் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் பேசவில்லை. பிள்ளையின் ஸ்கேட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்ப இறுக்கினேன், தேவையே இல்லை, ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது, அவன் 'அப்பா நோகுது' என்றான்.

ஆகவே ரெய்லரைத் தூக்கி எறி என்றாலும் எனக்குச் சுலபமில்லை, விட்டுவிடு என்றாலும் சுலபமில்லை.

ஜனவரி 28
மன்னிப்பு கேட்டார்களா என்று ஒரு தம்பி. 2016 மே 18, பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கேட்டார். 102 வருடம்.

பெப்ரவரி 2
கேள்வி போட்ட தம்பி பயிற்சியாளரிடம் இதையெல்லாம் சொன்னாராம். அவர் 'அது ஒரு ஆள்தானே' என்றாராம். சரி, இன்னொரு ஆள். ஹொட் ஸ்ருவர்ட், அதே மிச்சிக்கன் லீக், கலுமெற் அணியில் ஆடவும் நடத்தவும் 1,800 டொலர். 1907இல் வான்டரர்ஸோடு கிண்ணம் எடுத்தார். ஹொக்கியை விட்டுவிட்டுத் தகப்பனாரின் கட்டட வேலைக்குப் போனார், அந்தக் கோடையிலேயே பெல்வில்லில் நீந்தப் போய்ப் பாறையில் தலை அடித்து இறந்துபோனார். 28 வயது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காசு சேர்க்க 1908 ஜனவரியில் மொன்றியலில் ஒரு ஆட்டம் வைத்தார்கள், வான்டரர்ஸ் ஒரு பக்கம், மற்ற அணிகளின் பெரிய வீரர்கள் மறுபக்கம். 'ஓல் ஸ்ரார்' ஆட்டத்தின் தொடக்கம் அது. காசைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று அந்த விதவையிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

1919இல் இறுதிப் போட்டிக்கு சியாற்றில் போன ஜோ ஹோல் காய்ச்சலில் இறந்ததையும் எழுதலாம். பயிற்சியாளர் 'மூன்று ஆள்தானே' என்பார்.

பெப்ரவரி 8
வன்கூவர் போகிறேன், ரெய்லர் சம்பந்தமாக என்ன பார்க்கலாம் என்று கேட்டவருக்கு.

டென்மன் அரீனா 1936இல் எரிந்துவிட்டது. ஜோர்ஜியா வீதியும் டென்மன் வீதியும் சந்திக்கிற இடத்தில் இப்போது புல்வெளிப் பூங்கா, வாத்து நிற்கும். அவருடைய மகன் தொடங்கிய விளையாட்டுப் பொருள் கடை இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, ஸ்கேட்ஸ் தீட்டித் தருவார்கள். ரெய்லர் 1979இல் இறந்தார், 94 வயது.

பூங்காவில் இருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கோமகாட்டா மாரு நினைவுச் சின்னம் வரும். நாங்கள் போனது நவம்பரில். சின்ன மகன் வாத்துக்குப் பாண் போடக் கூடாது என்ற பலகையை வாசித்துக்கொண்டு பின்னால் வந்தான், கப்பல் எங்கே நின்றது என்று கேட்டான், நான் தண்ணீரைக் காட்டினேன், அங்கே இருந்து இங்கே நீந்தலாமே என்றான். தூரம் உண்மையிலேயே அவ்வளவுதான்.

குடை வேண்டாம், காற்று பிரட்டிவிடும். தொப்பி உள்ள மழைக்கோட்டு போடுங்கள்.